ஈயத் தட்டின் துளைகள்

சீகிரியாக் குன்றின் மேற்கு அடிவாரத்திலே, ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் அமைத்த நீர்ப்பூங்காவைக் கண்டவர்கள், அங்குள்ள சுண்ணக்கல் தட்டுகளைக் கவனித்திருப்பார்கள். மாரி காலத்தில் நீரின் அழுத்தம் மிகும்பொழுது, அத்தட்டுகளின் துளைகள் வழியே இன்றும் நீர் ஊற்றாய் எழுகின்றது. உருவமற்ற நீருக்கு ஒழுங்கு தருவது துளையிட்ட ஒரு கல். இன்றைய மருத்துவமும் துளையிட்ட ஒரு தட்டை நம்பியிருக்கின்றது. ஈயத்தாலான அத்தட்டுக்குக் கொலிமேற்றர் என்று பெயர்.

அணு மருத்துவத்திலே, கதிர்வீசும் மருந்து சிறிதளவு உடலுக்குள் செலுத்தப்படுகின்றது. பெரிதும் வழங்குவது தெக்னீசியம் 99எம். ஆறு மணி நேரத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும். அது சென்று தங்கும் உறுப்பிலிருந்து காமாக் கதிர்கள் எல்லாத் திசைகளிலும் புறப்படுகின்றன. அவற்றை உணரும் கமராவை அமெரிக்கரான ஹால் ஆங்கர் 1958 ஆம் ஆண்டில் உலகுக்கு விளக்கினார். அத்தகைய கமரா உடலைச் சுற்றிவந்து எடுக்கும் படங்களைக் கணினி ஒன்றுசேர்த்து, உறுப்பின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைத் தருகின்றது.

ஒளியைக் கண்ணாடி வில்லை குவிக்கும். காமாக் கதிரையோ அது குவிக்காது. ஆகவே, துளைக்கு நேரே வரும் கதிரை விட்டு, சாய்ந்து வருவதை ஈயச் சுவரிலே தடுக்கவேண்டியிருக்கின்றது. புறப்படும் கதிர்களில் பதினாயிரத்துக்கு ஒன்றிரண்டே கமராவை அடைகின்றன.

சிக்கல் இங்கேதான் எழுகின்றது. துளையின் அகலம் 1.5 மில்லிமீற்றர், நீளம் 25 மில்லிமீற்றர் என்று கொள்வோம். தட்டிலிருந்து 10 சென்ரிமீற்றர் தூரத்திலுள்ள ஒரு புள்ளி ஏறத்தாழ 7.5 மில்லிமீற்றர் அளவுக்குப் பரந்து தெரியும். துளையின் நீளத்தை இரட்டித்தால் அது 4.5 மில்லிமீற்றராகக் குறுகும், படம் தெளியும். ஆனால் வந்துசேரும் கதிர்களோ நாலில் ஒரு பங்காகிவிடும். அதை ஈடுசெய்ய, நோயாளி நான்கு மடங்கு நேரம் அசையாது கிடக்கவேண்டும். அன்றேல் மருந்தைக் கூட்டவேண்டும். முதுகுநோவுடைய முதியவர் அவ்வளவு நேரம் கிடப்பாரா? குழந்தைக்கு மருந்தைக் கூட்ட மனம் வருமா?

ஆதலின், தேவைக்கேற்பத் தட்டையே மாற்றுகின்றனர். தைரொயிட்டுச் சுரப்பிக்கு ஒற்றை ஊசித்துளை; மூளைக்கு விசிறிபோல் அமைந்த துளைகள்; வலிய கதிர் வீசும் அயடீன் 131க்குத் தடித்த ஈயச் சுவர்கள். தட்டினால் உண்டாகும் மங்கலைக் கணக்கிட்டுத் திருத்தும் முறைகளும் இன்று கணினியில் உண்டு.

செலவில்லாத வழியும் ஒன்று உண்டு. அதே தட்டு 20 சென்ரிமீற்றர் விலகினால், 7.5 மில்லிமீற்றராய் இருந்த மங்கல் 13.5 மில்லிமீற்றராகும். ஆகவே கமரா உடலை நெருங்கியே சுற்றவேண்டும். பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலே அணு மருத்துவப் பிரிவு இருக்கின்றது. சீகிரியாப் பக்கத்திலிருந்து அத்தகைய பரிசோதனைக்குச் செல்லும் ஒருவர், பெரியதொரு கருவி தம் மார்பை நெருங்கி வருவது கண்டு அஞ்சவேண்டியதில்லை. நெருங்குவது தெளிவுக்காகவே. அசையாது கிடப்பதொன்றே நோயாளி செய்யக்கூடிய பேருதவி.