யூனிட் கணக்கை நாமும் போடுவோம்!

(பழனி மலை அடிவார, மேல்மலை விவசாயிகளின் ஆர்ப்பாட்டக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



"விவசாயிக்கு எதுக்கு இலவச கரண்ட்? மீட்டரை மாட்டு, பில்லைப் போடு" என்று பேசுகிறவர்கள் நாட்டில் குறையவில்லை. 2020-ல் மத்திய அரசு வெளியிட்ட மின்சாரச் சட்டத் திருத்த வரைவு, மானியத்தைத் தனியே பயனாளியிடம் கொடு என்றது. அப்படின்னா முதல்ல நாம பில் கட்டணும். டெல்லி எல்லையில் உட்கார்ந்து போராடிய விவசாயிகளின் கோரிக்கைகளில் அதை எதிர்த்ததும் ஒன்று.

சரி, கணக்கு கேக்கிறாங்க. நாமும் கணக்கையே பேசுவோம். ஒரு யூனிட் என்றால் எவ்வளவு?

ஆயிரம் வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இது புத்தகக் கணக்கு. நம்ம கணக்குக்கு வருவோம். அடிவாரத்திலிருந்து கொடைக்கானல் சுமார் 1,800 மீட்டர் உசரம். 50 கிலோ உர மூட்டையை அவ்வளவு உசரம் தூக்க, மூட்டைக்கு மட்டும் கால் யூனிட் போதும். நாலு மூட்டைக்கு ஒரு யூனிட்! அதே கொடைக்கானல் குளிரில் ஒருத்தர் ஒன்றரை வாளித் தண்ணியை ஹீட்டரில் சுட வைத்துக் குளித்தால், அதுக்கும் ஏறக்குறைய ஒரு யூனிட் ஆகிறது. குளிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அளவு தெரிய வேண்டும் என்கிறோம்.

நாள் முழுக்க மண்வெட்டி பிடிக்கிற ஆளின் உழைப்பு அரை யூனிட் அளவுதான். 5 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரத்தில் தருவது ஏறக்குறைய 3.7 யூனிட் வேலை. அதாவது ஏழு ஆள் ஒரு நாள் உழைப்பு. கமலை ஓட்டிய பெரியவர்களைக் கேளுங்கள். ஒரு ஜோடி மாடு சுமார் ஒரு எச்.பி. இழுக்கும். அஞ்சு ஜோடி மாட்டை இன்றைக்கு யார் கட்டித் தீனி போடுவது? டீசலுக்குப் போகலாம் என்றால், ஒரு லிட்டரில் 10 யூனிட் சூடு இருந்தாலும் என்ஜினில் வேலையாகக் கிடைப்பது மூணு யூனிட்டே பெரிது.

இப்போது முக்கியமான கணக்கு. ஒரு ஏக்கருக்கு ஒரு அங்குலம் தண்ணி என்றால் சுமார் ஒரு லட்சம் லிட்டர். அதை 60 அடிக் கிணற்றிலிருந்து தூக்க 5 யூனிட். 600 அடி ஆழத்திலிருந்து தூக்க 50 யூனிட். மோட்டார், பைப் நஷ்டம் சேர்த்தால் இரண்டும் இரு மடங்கு ஆகும். அதே ஏக்கர், அதே தண்ணி, அதே பயிர். ஒருத்தருக்கு 10, பக்கத்துக்காரருக்கு 100! மீட்டர் காட்டுவது விவசாயியின் ஊதாரித்தனத்தையா? தண்ணி எவ்வளவு ஆழத்துக்குப் போச்சு என்பதைத்தான் அது காட்டுகிறது. தண்ணியைத் தொலைத்துக் கடனாளி ஆனவன் தலையில்தான் பெரிய பில் விழும்.

மறுபக்கம் மலையைப் பாருங்கள். கடலில் எடுத்த தண்ணியைச் சூரியன் கூலி வாங்காமல் மேல்மலையில் கொண்டுவந்து கொட்டுகிறது. அங்கே இருக்கும் ஆயிரம் லிட்டரை அடிவாரத்திலிருந்து நாம் ஏற்றுவதானால் 5 யூனிட் வேண்டும். அந்தத் தண்ணி வரதமாநதி, பாலாறு-பொருந்தலாறு, குதிரையாறு அணைகளுக்குத் தானாக இறங்குகிறது. வாய்க்காலும் குளமும் தூர்ந்து கிடந்தால், வந்த தண்ணி சண்முகாநதி வழியே போய்விடும். பிறகு 600 அடியில் தேடி, கரண்ட் போட்டுத் தூக்குவோம். சோலைக்காடு, ஓடை, குளம் மூன்றும் நமக்குக் கரண்ட் மிச்சம். ஆகவே மேல்மலை விவசாயிக்கும் அடிவார விவசாயிக்கும் இது ஒரே போராட்டம்.

1970-ல் யூனிட்டுக்கு ஒரு பைசா குறைக்கச் சொல்லி நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் போராடினார்கள். பெருமாநல்லூரில் மூன்று பேர் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். அப்படிப்பட்ட போராட்டங்களுக்குப் பிறகுதான் 1990-ல் எல்லா விவசாயிக்கும் இலவச மின்சாரம் வந்தது. யாரும் தானமாகத் தந்தது அல்ல.

நம் கோரிக்கைகள்:

1. பம்புசெட் மின்சாரத்துக்குப் பில் போடும் எந்தத் திட்டமும் கூடாது.

2. யூனிட்டை அளப்பதானால், நிலத்தடி நீர் மட்டத்தையும் ஊர்வாரியாக அளந்து சேர்த்து வெளியிட வேண்டும்.

3. வரத்து வாய்க்கால், குளங்களைத் தூர்வார வேண்டும்.

4. பகலில் சரியான வோல்டேஜில் மும்முனை மின்சாரம் தர வேண்டும். லோ வோல்டேஜில் காயில் கருகினால் நஷ்டம் நமக்கு.

நம் பங்குக்கு, ஒழுகும் ஃபுட்வால்வையும் தேய்ந்த மோட்டாரையும் மாற்றுவோம். நாளை எவர் வந்து "எத்தனை யூனிட்?" என்று கேட்டாலும், "எத்தனை அடியிலிருந்து?" என்று திருப்பிக் கேளுங்கள்!

உழவர் ஒற்றுமை ஓங்குக!