பனிப் பாதைக்குப் போகும் லாரியில் செயின் இருக்கிறதா?

(லாரி ஓட்டுநர்களும் அவர்களது குடும்பத்தினரும் கலந்துகொண்ட கூட்டத்தில் நமது அறக்கட்டளையின் செயலாளர் ஆற்றிய உரை)





மயிலாப்பூரிலும் அடையாறிலும் இருக்கும் நமக்குப் பனி என்றால் மார்கழி அதிகாலையில் மஃப்ளர் சுற்றிக்கொள்ளும் பனிதான். காஷ்மீரில் பெய்யும் பனி சாலையை மூடும், இறுகும், கண்ணாடிபோல் வழுக்கும். ஆனாலும் நம் பிள்ளைகள் சிலர் மாதவரத்தில் லோடு ஏற்றிக்கொண்டு சுமார் 3,000 கிலோமீட்டர் ஓட்டி அங்கே போகிறார்கள். திரும்பும்போது ஆப்பிள் ஏற்றி வருகிறார்கள். ஆப்பிள் பறிப்பது செப்டம்பர் முதல் நவம்பர் வரைதானே, குளிர்காலத்தில் ஏன் போகவேண்டும் என்று தாய்மார்கள் கேட்கிறீர்கள். பறித்த பழத்தின் ஒரு பகுதியைப் புல்வாமா பக்கத்துக் குளிர்பதனக் கிடங்குகளில் அடைத்துவைத்து ஜனவரி, பிப்ரவரியிலும் அனுப்புகிறார்கள். தி.நகரில் அந்த மாதங்களில் நாம் வாங்கும் காஷ்மீர் ஆப்பிளுக்குப் பின்னால் ஒரு ஓட்டுநரின் பனிக்காலப் பயணம் இருக்கிறது.

சென்ற மாதம் ஒரு தாயார் நம் அலுவலகத்துக்கு ஒரு துண்டுச்சீட்டுடன் வந்தார். மகனுடைய டிரிப் கணக்கு அது. அதில் 'செயின் வாடகை' என்று எழுதி, அந்தத் தொகையை அவனுடைய பேட்டாவிலேயே கழித்திருக்கிறார்கள். பனி பெய்த அன்று போலீஸ் வண்டியை நிறுத்தி, செயின் கட்டாமல் மேலே விடமாட்டோம் என்றிருக்கிறது. முதலாளிக்குப் போன் செய்தால், "அங்கேயே வாடகைக்கு எடுத்துச் சமாளித்துக்கொள், தம்பி" என்று பதில். பையன் சமாளித்துவிட்டான். கணக்கு மட்டும் அவன் தலையில் விழுந்தது. இந்தப் பேச்சுக்குக் காரணமே அந்தச் சீட்டுதான்.

நாங்கள் இரண்டு மூன்று வண்டி உரிமையாளர்களிடம் பேசிப் பார்த்தோம். எல்லோரும் சொன்னது ஒன்றே: "இப்போதுதான் சுரங்கப்பாதை வந்துவிட்டதே, செயின் எதற்கு?" சுரங்கம் வந்தது உண்மை. செனானி-நாஷ்ரி சுரங்கம் 9 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், 2017-இல் திறந்தார்கள். பனிஹால்-காசிகுண்ட் சுரங்கம் சுமார் 8.5 கிலோமீட்டர், 2021 முதல் வண்டிகள் ஓடுகின்றன. மணாலிப் பக்கம் அடல் சுரங்கம் 2020-இல் வந்தது. ஆனால் சுரங்கத்துக்குள் பனி பெய்யாது, வாசலில் பெய்யும். காசிகுண்டில் வெளியே வந்ததும் வெள்ளைச் சாலைதான். அங்கிருந்து கிடங்குக்குப் போகும் உள்சாலைகளில் அதைவிட மோசம். கனரக வண்டிகளை எந்தப் பக்கம் எப்போது விடுவது என்பதையும் அங்கே போக்குவரத்துப் போலீஸ் அன்றன்றைக்கு அறிவிக்கிறது. ஆகவே புறப்படும் நாளில் இல்லாத கட்டாயம், போய்ச் சேரும் நாளில் இருக்கலாம்.

வேறு நாடுகளில் இதை நாளைக்கு விடுவதில்லை, தேதி போட்டே சட்டமாக்கி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து மலைச்சாலையில் செப்டம்பர் 1 முதல் மே 31 வரை, வெயில் அடித்தாலும் சரி, சரக்கு லாரியில் செயின் இருந்தாக வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மலைச்சாலைகள் பெரும்பாலானவற்றுக்கு அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை. வளைகுடாவில் மணலில் வண்டி ஓட்டிய நம் சகோதரர்கள் சிலர் இப்போது கனடா லைசென்சுக்கு முயல்கிறார்கள். அவர்கள் அங்கே போய் முதல்முதலாகச் செயினைப் பார்க்கும்படி இருக்கக்கூடாது.

அந்தத் தேதி முறையில் ஒரு நியாயம் இருக்கிறது. செயினும் ஸ்டெப்னி, ஜாக்கி போல வண்டியின் சாமான் என்று அது சொல்கிறது. ஸ்டெப்னிக்கு ஓட்டுநரிடம் யாராவது வாடகை பிடிக்கிறார்களா? உரிமையாளர்களிடம் நாங்கள் வைக்கும் கோரிக்கை இவ்வளவுதான். ஓட்டுநர் சகோதரர்களே, நீங்களும் லோடு ஏற்றும் முன்பே கேளுங்கள். பாதி வழியில் கேட்டால் உங்கள் பேச்சுக்கு வலு இல்லை. பயண துஆ ஓதிவிட்டுக் கிளம்பும் பிள்ளையின் டூல் பாக்ஸில் செயினும் இருக்கட்டும்.

இனி, கட்டும் விதம். இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். செயின் கட்டவேண்டியது வண்டியை இழுக்கும் சக்கரத்தில். 12 சக்கர வண்டி என்றாலும் பெரும்பாலும் ஒரு அச்சுதான் இழுக்கும். டிஃபரன்ஷியல் உருண்டை எந்த அச்சில் இருக்கிறதோ அதுதான். சும்மா உருளும் அச்சில் கட்டினால் மேடு ஏறாது. டபுள் டயரில் வெளி டயருக்குக் கட்டுங்கள். சமதளத்தில் நிறுத்தி, கட்டை வைத்து, செயினை முறுக்கு இல்லாமல் விரித்து டயர்மேல் போட்டு, உட்பக்கக் கொக்கியை முதலில் மாட்டி, பிறகு வெளிப்பக்கம் இறுக்குங்கள். கொஞ்ச தூரம் ஓட்டியதும் செயின் தளரும், இறங்கி மறுபடி இறுக்கவேண்டும். காற்றை இறக்கிவிட்டுக் கட்டும் வழக்கம் டயருக்குக் கேடு. கட்டியபின் வேகம் 40-க்குள். பனி இல்லாத தார்ச்சாலை வந்ததும் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் செயினும் அறுந்து டயரும் கிழியும். இறக்கத்தில் சின்ன கியர். திடீர் பிரேக் கூடாது. செயின் பிடிப்பைக் கூட்டும், வழுக்கலை இல்லாமலாக்கிவிடாது.

இதோடு சேர்த்து இன்னொன்று. சாலை மூடி வண்டிகள் வரிசையில் நிற்கும் இரவில், குளிருக்காகக் கேபினைப் பூட்டிக்கொண்டு உள்ளே அடுப்போ கரியோ மூட்டாதீர்கள். அந்தப் புகையில் வாசமே இல்லாத கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, தூக்கத்திலேயே உயிர் போகும். தாய்மார்கள் இதைப் போனில் தினமும் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை.

அறக்கட்டளை சார்பில் இரண்டு ஜோடி செயின் வாங்கி, திருப்பித் தரும் நிபந்தனையில் கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறோம். வாடகை கிடையாது. வரும் ஞாயிறு அஸருக்குப் பின் ஒரு லாரியை நிறுத்தி அனைவரும் கட்டிப் பழகலாம். இந்த வெயிலில் கையுறை போட்டுக்கொண்டு கட்டிப் பாருங்கள், அங்கே வெறுங்கையால் இரும்பைத் தொடமுடியாது. வரும்போது உங்கள் வண்டி டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்ணை எழுதிக்கொண்டு வாருங்கள். 10.00-20 டயருக்கு வாங்கிய செயின் வேறு அளவு டயரில் நிற்காது.