வகுப்பறைக்குள் தலைமையாசிரியர்

ஆசிரியர்களின் பணியை மேற்பார்வையிடுவது தலைமையாசிரியரின் முதன்மையான கடமைகளுள் ஒன்று. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறதா, பாடக்குறிப்பு எழுதப்பட்டதா, பாடங்கள் உரிய காலத்தில் முடிகின்றனவா என்று பார்ப்பது அதன் முதற்படி. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இதற்கு மேலும் கேட்கிறது. ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்பிப்பதும் ஆசிரியரின் கடமை என்கிறது அதன் 24-ஆம் பிரிவு. அந்தக் கடமை நிறைவேறுகிறதா என்பதைப் பதிவேடு சொல்லாது. தலைமையாசிரியர் வகுப்புக்குள் போய் உட்கார்ந்துதான் அறிய வேண்டும்.

வகுப்பறை உற்றுநோக்கலுக்கு ஒரு முறையான வழியை அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மாரிஸ் கோகனும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கினர். ராபர்ட் கோல்டுஹாமரின் நூல் 1969-இல் அதை ஐந்து படிகளாக விளக்கியது. எதைக் கவனிப்பது என்று ஆசிரியரும் பார்வையிடுபவரும் முதலில் பேசிக்கொள்வார்கள். பிறகு வகுப்பைப் பார்ப்பது, குறிப்புகளை ஆராய்வது, ஆசிரியரோடு கலந்து பேசுவது. கடைசியாக, பார்வையிட்டவர் தம் பணியையே சீர்தூக்கிப் பார்ப்பது.

ஆறாம் வகுப்பில் பின்னக் கூட்டல் நடப்பதாக வைத்துக்கொள்ளலாம். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு? முன்வரிசை ‘ஆறில் ஐந்து’ என்கிறது, பாடம் நகர்கிறது. கடைசி பெஞ்சில் ஒரு மாணவி தொகுதிகளைத் தனியாகவும் பகுதிகளைத் தனியாகவும் கூட்டி, ‘ஐந்தில் இரண்டு’ என்று எழுதியிருக்கிறாள். அது அரையைவிடக் குறைவு என்பது அவளுக்குத் தோன்றவில்லை. தலைமையாசிரியர் அந்த நோட்டையும், எந்த வரிசையிலிருந்து எத்தனை பதில்கள் வந்தன என்ற கணக்கையும் குறித்துக்கொள்கிறார்.

‘பாடம் சரியில்லை’ என்று தீர்ப்புச் சொன்னால் ஆசிரியர் தம்மைக் காத்துக்கொள்ளவே முயல்வார். குறிப்புகளை முன்வைத்துத் தனியாகப் பேசினால், மாற்று வழியை அவரே யோசிப்பார். குறையை மாணவர் முன்னிலையில் சொல்லக் கூடாது. நல்ல முயற்சியை ஆசிரியர் கூட்டத்தில் பாராட்ட வேண்டும்.

இதற்குத் தடை நேரமின்மை. அலுவலக வேலைகளும் புள்ளிவிவரப் பதிவேற்றமும் தலைமையாசிரியரின் நாளை விழுங்குகின்றன; தொடக்கப் பள்ளிகளில் அவரே வகுப்பும் எடுக்கிறார். எனவே வாரத்தில் சில பாடவேளைகளை இதற்கென ஒதுக்குவதும், ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பை ஒருவர் பார்க்க வாய்ப்பளிப்பதும் அவசியம். சில வாரங்களில் அதே வகுப்புக்குத் திரும்பிப் போய், மெல்லக் கற்கும் மாணவர்களின் நோட்டுகளைப் பார்க்க வேண்டும். அவற்றில் முன்னேற்றம் தெரிந்தால்தான் மேற்பார்வை பயன் தந்ததாகக் கொள்ள முடியும்.