அண்ணா சாலையில் இரண்டு கட்டடங்கள்



சென்னை அண்ணா சாலை ஹிக்கின்பாதம்ஸ் கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது புத்தகமல்ல. அண்ணாந்து பார்க்கவைக்கும் கூரையும், கறுப்பு வெள்ளைக் கட்டம்போட்ட தரையும்தான். 1844-இல் தொடங்கிய நிறுவனம், 1904-இல் எழுந்த கட்டடம். இன்று அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் வசம் இருக்கிறது. அன்றும் புத்தக வியாபாரம், இன்றும் அதுவேதான்.

அதே சாலையில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தின் கதை வேறு. டபிள்யூ. இ. ஸ்மித் மருந்துக் கம்பெனிக்காக 1897-இல் கோபுரமும் கும்மட்டமுமாக எழுந்தது. பிறகு பாரத் இன்சூரன்ஸ் வாங்கியது. 1956-இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானபோது எல்.ஐ.சி.க்கு வந்தது. 2006-இல் இடிக்கவே தொடங்கிவிட்டார்கள். பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றம் போய்த் தடுத்தது. 2010 தீர்ப்பு கட்டடத்தைக் காப்பாற்றியது. ஆனால் அதன்பிறகும் ஆண்டுக்கணக்கில் பூட்டியே கிடந்தது.

இடிப்பதைவிடப் பூட்டிவைப்பது மேல் என்று நினைத்துவிடக் கூடாது. அந்தக் காலத்துச் சென்னைக் கட்டடங்கள் பலவும் மெட்ராஸ் டெரஸ் போட்டவை. தேக்குக் கட்டைகளின் மேல் சிறு செங்கற்களை நிறுத்திவைத்து, சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிய கூரை. மழைநீர்க் குழாய் அடைத்துக்கொண்டு மாடியில் தண்ணீர் தேங்கினால், சுவருக்குள் செருகிய கட்டையின் நுனி ஊறி இற்றுப்போகும். வெடிப்பில் அரசஞ்செடி முளைக்கும். ஆள் புழங்கும் இடமென்றால் ஒழுகிய அன்றே யாராவது சத்தம் போடுவார்கள். பூட்டிய கட்டடத்துக்காக யார் சத்தம் போடுவது?

அவசரத்துக்குச் சிமென்ட் பூசுவது இன்னொரு வினை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். உப்பு பூத்து, செங்கல் பொடிப்பொடியாக உதிரும்.

அண்ணா சாலையில் மனை என்ன விலை போகிறது என்பது ஊரறிந்த விஷயம். இரண்டு மூன்று மாடி நிற்கும் இடத்தில் பத்து மாடி எழுப்பலாமே என்று ஒரு நிறுவனம் கணக்குப் பார்ப்பதைக் குற்றமென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கணக்கில் பழைய கட்டடம் வெறும் காலி மனையாகவே தெரிகிறது; வாடகை தரக்கூடிய, கடை நடத்தக்கூடிய இடமாகத் தெரிவதில்லை. ஹிக்கின்பாதம்ஸ் கண்ணெதிரே நிற்கும்போதும் அப்படித்தான்.

வரலாற்றுக் கட்டடங்களைச் சீரமைப்பதையும் சமூகப் பொறுப்புச் செலவில் சேர்த்திருக்கிறது 2013 கம்பெனிச் சட்டம். நல்லதுதான். ஆனால் சொந்தக் கட்டடத்தைப் பேணுவது தர்ம காரியமல்ல, அன்றாடச் செலவு. லிஃப்டுக்கும் ஏ.சி.க்கும் வருடாந்தர ஒப்பந்தம் போடுகிறவர்கள், ஐப்பசி மழைக்கு முன்னால் மொட்டைமாடிக்கு ஒரு கொத்தனாரையும் ஏற்றிவிடலாம். சுண்ணாம்பு வேலை தெரிந்தவராக இருக்க வேண்டும்; அவரைத் தேடிப்பிடிப்பதுதான் இப்போது கொஞ்சம் சிரமம்.