கெடுவும் அவகாசமும்

(சங்கத்தின் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



வருமான வரித் துறையில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால், சங்கத்தில் யாரைப் பார்த்தாலும் ஒரு கேள்வி வரும்: "கணக்கு இன்னும் முடியலை. ரிட்டர்னுக்கு ஒரு மாசம் டைம் கேட்டு லெட்டர் போட்டா குடுப்பாளா?" அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

ஒரு காலத்தில் கொடுத்தார்கள். 1961-ஆம் வருடச் சட்டத்தில் அதற்கென்றே ஃபாரம் 6 என்று ஒன்று இருந்தது. கெடு நெருங்கும் வாரத்தில் மேஜையில் அது மலைபோல் குவியும். முனீம்ஜி ஊருக்குப் போய்விட்டார், ஆடிட்டருக்கு உடம்பு சரியில்லை என்று காரணங்கள் எழுதியிருக்கும். அதிகாரி தம் விருப்பப்படி அவகாசம் தரலாம், வட்டியும் உண்டு. 1987-இல் செய்த திருத்தத்தின் மூலம், 1989 ஏப்ரல் முதல் அந்த வழி மூடப்பட்டது. இன்றும் சிலர் அந்த நினைப்பிலேயே கடிதம் எழுதுகிறார்கள். அதனால் பயன் கிடையாது.

அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் வேறு மாதிரி சொல்வார்கள். அங்கே கூட்டு வியாபாரமோ கம்பெனியோ ஃபாரம் 7004-ஐக் கெடுவுக்குள் அனுப்பினால், காரணம் சொல்லாமலே ஆறு மாதம் கிடைக்கும். ஆனால் அது ரிட்டர்னுக்கு மட்டும்தான். வரியை முதல் தேதியிலேயே கட்டியாக வேண்டும்.

நம் நாட்டில் கெடுவை நீட்டுவது மத்திய நேரடி வரி வாரியம். நீட்டினால் ஒரு வகுப்பினர் எல்லோருக்குமாக நீட்டும். 2025-இல் ஆடிட் தேவையில்லாதவர்களுக்கு ஜூலை 31 என்பது செப்டம்பர் 15 ஆயிற்று. பதினைந்தாம் தேதி நள்ளிரவு நெருங்கும்போது இன்னும் ஒரே ஒரு நாள் கொடுத்தார்கள். ஆடிட் உள்ளவர்களுக்கு அக்டோபர் 31 என்பது டிசம்பர் 10 ஆயிற்று. இதைப் பார்த்து, "வருஷா வருஷம் நீட்டுவா" என்று உட்கார்ந்திருப்பது சரியல்ல. நீட்டினாலும் வட்டி தப்பும் என்று சொல்ல முடியாது. 2020-இல் கொரோனாவுக்காக நீட்டியபோதுகூட, கட்ட வேண்டிய சுய மதிப்பீட்டு வரி 1 லட்சத்துக்கு மேல் இருந்தவர்களுக்குப் பழைய தேதியிலிருந்தே வட்டி ஓடியது.

தாமதக் கட்டணம் 1,000 அல்லது 5,000 ரூபாய்தானே என்பார்கள். பெரிய நஷ்டம் அங்கே இல்லை. ஒரு கேட்டரிங் பார்ட்னர்ஷிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் 6 லட்சம் நஷ்டம். அடுத்த வருடம் 8 லட்சம் லாபம். முதல் வருட ரிட்டர்னைக் கெடுவுக்குள் போட்டிருந்தால் 2 லட்சத்துக்கு வரி கட்டினால் போதும். ஒரு நாள் தாமதித்தாலும் அந்த வியாபார நஷ்டத்தை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக முடியாது. 8 லட்சத்துக்கும் வரி. பார்ட்னர்ஷிப்புக்கு 30 சதவீதமும் 4 சதவீத செஸ்ஸும் போட்டால், கூடுதல் வரி 1,87,200 ரூபாய். தேய்மானத்துக்கு இந்தத் தடை இல்லை. "நஷ்டம்தானே, வரியே இல்லையே, மெதுவாப் போடலாம்" என்பவர்தான் அதிகம் இழக்கிறார்.

கெடு தப்பியே விட்டால்? தாமதத்தை மன்னிக்கும்படி விண்ணப்பிக்கலாம். ரீஃபண்டுக்கும் நஷ்டத்தைக் கொண்டுபோவதற்கும் இது பொருந்தும். வாரியத்தின் 2024 அக்டோபர் 1 சுற்றறிக்கைப்படி, தொகை 1 கோடி வரை என்றால் முதன்மை ஆணையர் முடிவு செய்வார். மதிப்பீட்டு வருடம் முடிந்து 5 வருடத்துக்குள் கேட்க வேண்டும். நம் கையை மீறிய காரணமா, உண்மையான கஷ்டமா என்று பார்ப்பார்கள். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் தாள், வெள்ளச் சேதத்துக்கான சான்று போன்ற ஆதாரம் வேண்டும். "வேலை அதிகம்" என்பது காரணமாகாது.

ஆகவே இளைஞர்களுக்கு மூன்று வார்த்தை. கணக்கு முடியாவிட்டாலும் வரியை உத்தேசமாகக் கணக்கிட்டுக் கெடுவுக்குள் கட்டிவிடுங்கள். நஷ்டம் என்றால் அந்த ரிட்டர்னை முதலில் போடுங்கள். விட்டுப்போனதைப் பிறகு திருத்திய ரிட்டர்னில் சரிசெய்யச் சட்டம் இடம் தருகிறது. தவிர்க்க முடியாத இடைஞ்சல் வந்தால், அன்றைக்கே ஆதாரத் தாள்களை ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.

2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் வருடத்துப் புதிய சட்டத்தின் காலம். பிரிவு எண்கள் மாறுகின்றன. உங்கள் வகுப்புக்கு எது கெடு என்று ஆடிட்டரிடம் வருட ஆரம்பத்திலேயே கேட்டுக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.