மானைக் காக்க ஊரோடு பேசு



திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடிக்கு பஸ்ஸில் போனவர்களுக்கு வல்லநாட்டு மலை தெரியும். நம் ஸ்ரீவைகுண்டம் வட்டத்து மலை அது. அங்கே 1987-இல் வெளிமான் சரணாலயம் அமைந்தது. பரப்பு 16 சதுர கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழ்கிற தென்கோடி இடம் அதுவே.

அங்கே பொறுப்பிலிருக்கும் வனச்சரகருக்கு மானை மட்டும் பார்த்துக்கொண்டால் போதுமா? மானுக்கு எல்லைக்கல் தெரியாது. பச்சையைக் கண்டால் வயலில் இறங்கிவிடும். மானாவாரியில் உளுந்து போட்டவர் விடியற்காலையில் வந்து பார்த்தால், கொழுந்தெல்லாம் மேய்ந்து கிடக்கும். வயிறெரிந்து நிற்கும் அவரிடம் சட்டத்தைக் காட்டினால் பேச்சு அதோடு முடிந்தது. அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நஷ்டத்தைக் கேட்டு, இழப்பீட்டுக்கு மனு எழுதித் தருகிற அதிகாரிக்குத்தான், நாய்கள் மானைத் துரத்தும்போது ஊரிலிருந்து முதல் போன் வரும்.

நாங்குநேரி பக்கத்துக் கூந்தன்குளத்தைப் பாருங்கள். அரசு அதைச் சரணாலயமாக அறிவித்தது 1994-இல். அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே ஊர்மக்கள் பறவைகளைக் காத்து வருகிறார்கள். வீட்டு மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டும். தீபாவளிக்கு வெடி கிடையாது. பறவை எச்சம் ஊறிய குளத்து வண்டல் வயலுக்கு உரமாகிறது. அந்த ஊரில் வாழ்ந்து மறைந்த பால்பாண்டி, கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்த்தவர். அதிகாரிகள் மாற்றலாகிப் போவார்கள், இப்படிப்பட்டவர்கள் ஊரிலேயே இருப்பார்கள். அவர்களைக் கண்டுபிடித்து, சம்பளமும் மரியாதையும் வாங்கித் தருவதுதான் அதிகாரியின் முதல் வேலை என்பேன்.

கடலிலும் இதே கதைதான். பவளப்பாறையைச் சுண்ணாம்புக்காக வெட்டி வெட்டியே தூத்துக்குடிக் கடலில் விலாங்குசல்லித் தீவு மூழ்கிப்போனது. மன்னார் வளைகுடா 1986-இலேயே தேசியப் பூங்கா ஆகிவிட்டது. ஆனாலும் பின்னாளில் கடலோர ஊர்களில் குழுக்கள் அமைத்து, பெண்களுக்குச் சிறுகடன் கொடுத்து, மீனவ இளைஞர்களையே காவலுக்கு வைக்க வேண்டியிருந்தது.

இந்த வேலைக்கு வர விரும்பும் பிள்ளைகளுக்கு மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி இருக்கிறது. மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் படிக்கலாம். கடல் பிடித்தவர்களுக்குத் தூத்துக்குடியிலேயே மீன்வளக் கல்லூரி. வனச்சரகர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுத வேண்டும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஜனவரி மாதங்களில் தன்னார்வலர்கள் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுத்து வருகிறார்கள். பெற்றோர்களே, பொங்கல் சமயத்தில் உங்கள் பிள்ளைகளை அவர்களோடு பெருங்குளத்துக்கோ கடம்பாகுளத்துக்கோ அனுப்பி வையுங்கள்.