ஏழு மணி நேரப் பேச்சு



சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு கிளைத் தெருவில், குறுகலான மாடிப்படி ஏறிப் போனால் வரும் சிறிய மண்டபத்தில்தான் எங்கள் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடப்பது வழக்கம். தலைவரின் மேசைமீது பித்தளை மணி ஒன்று இருக்கும். பேசுகிறவருக்குரிய ஐந்து நிமிடம் கழிந்ததும் தலைவர் அதை அடிப்பார். பல ஆண்டுகளுக்கு முன்பு, கட்டட நிதியைப் பற்றிய தீர்மானம் ஒன்றை எதிர்த்து எழுந்த பெரியவர் ஒருவர், மூன்று முறை மணி அடித்தும் உட்கார மறுத்து, “கையைத் தூக்கச் சொல்லி எண்ணிவிட்டால் அது நியாயமாகிவிடுமா? முதலில் என்னை முழுக்கப் பேச விடுங்கள், அப்புறம் எண்ணுங்கள்” என்று வாதாடினார். அடுத்த தேர்தலில் அவருடைய அணியே வென்று, அவரே தலைவராகி, அந்த மணியும் அவர் கைக்கு வந்து சேர்ந்தது. எதிரணி இளைஞர் ஒருவர் ஆறாவது நிமிடத்தைத் தொட்டபோது பெரியவர் மணியை அடித்து, “பெரும்பான்மையோர் தீர்மானித்துவிட்டார்கள், தம்பி, சபையின் நேரத்தை வீணாக்காதீர்கள்” என்றார். அவரை நான் நன்கு அறிவேன். இரண்டு சந்தர்ப்பங்களிலும் அவர் மனப்பூர்வமாக நம்பியதையே பேசினார். நாற்காலி மாறியதும் நியாயமும் கூடவே மாறியதே, அதுதான் என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது.

சட்டசபைகளில் நடக்கும் வழக்கும் இதுவேதான். பேசிப் பேசியே ஒரு மசோதாவைத் தாமதப்படுத்தும் உபாயத்துக்கு அமெரிக்கர்கள் ‘பிலிபஸ்டர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நூறு பேர் அமர்ந்த அவர்களுடைய செனட் சபையில், பெரும்பாலான மசோதாக்கள்மீது விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போவதற்கே அறுபது பேர் சம்மதிக்க வேண்டும். கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்க 1957இல் வந்த மசோதாவை எதிர்த்து ஸ்ட்ரோம் தர்மண்ட் என்ற செனட்டர் 24 மணி 18 நிமிடம் விடாமல் பேசினார். அந்த நேரக் கணக்கை 2025இல் 25 மணி 5 நிமிடம் பேசி முறியடித்தவர் கோரி புக்கர் என்ற கறுப்பின செனட்டர். ஜனநாயகக் கட்சி 2013இல் தன் பெரும்பான்மையைக் கொண்டு, கீழ் நீதிமன்ற நியமனங்களுக்கு அந்த அறுபது பேர் விதியைத் தளர்த்தியபோது குடியரசுக் கட்சி கொதித்தது. 2017இல் குடியரசுக் கட்சி அதே தளர்வை உச்ச நீதிமன்றத்துக்கும் நீட்டியபோது ஜனநாயகக் கட்சி கொதித்தது. எங்கள் சங்கத்துப் பெரியவரின் பித்தளை மணிதான் அங்கும் அடித்தது.

ஆனால் இந்த விவகாரத்தை அறிய நாம் கடல் கடந்து போக வேண்டியதில்லை. சிங்கப்பூர் ஆற்றங்கரையில், எம்பிரஸ் பிளேஸின் பக்கத்தில், கோல்மன் வடிவமைத்து 1827இல் எழுந்த மாளிகை ஒன்று இன்று கலை இல்லமாக இருக்கிறது. சட்டமன்றமும் பிறகு நாடாளுமன்றமும் 1999 வரை கூடியது அங்கேதான்.

மக்கள் செயல் கட்சி 1959இல் 51 இடங்களில் 43ஐ வென்று ஆட்சிக்கு வந்தது. அந்தக் கட்சியின் ஓங் எங் குவான் இரண்டு உறுப்பினர்களோடு பிரிந்து போனார், ஆன்சன் தொகுதியை 1961 ஜூலை 15ஆம் தேதி இடைத்தேர்தலில் எதிரணி வேட்பாளர் டேவிட் மார்ஷல் கைப்பற்றினார், ஆட்சி ஆட்டங்கண்டது. பிரதமர் லீ குவான் இயூ ஜூலை 20ஆம் தேதி நம்பிக்கைத் தீர்மானம் கொண்டுவந்தார். அன்று பிற்பகல் தொடங்கிய விவாதம் நள்ளிரவைத் தாண்டி, மறுநாள் அதிகாலை மூன்றரை மணிக்குப் பின்னரே முடிந்தது. நோயுற்று மருத்துவமனையில் படுத்திருந்த சிக்லாப் உறுப்பினர் சஹோரா அகமது ஆம்புலன்ஸில் கொண்டுவரப்பட்டு வாக்களித்தார். ஆதரவு 27, எதிர்ப்பு 8, நடுநிலை 16. 51 பேர் கொண்ட மன்றத்தில் பாதிக்கு மேல் என்றால் 26. அதைவிட ஒரே ஒரு வாக்குத்தான் கூடுதல். நோயாளி ஒருவரைப் படுக்கையிலிருந்து எழுப்பிக் கொண்டுவரும் அளவுக்கு அந்த ஒரு வாக்கின் கனம் அன்று உணரப்பட்டது.

அன்று வாக்களிக்காமல் நடுநிலை வகித்தவர்களில் 13 பேர் ஆளுங்கட்சிக்காரர்கள். அவர்கள் பிரிந்து அமைத்ததே பாரிசான் சோசலிஸ். அதன் தலைவர் டாக்டர் லீ சியூ சோ. அதே ஆண்டு நவம்பரில், மலேசியாவோடு இணைவதைப் பற்றிய வெள்ளை அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தபோது, அவர் எழுந்து ஏழு மணி நேரத்துக்கு மேல் பேசினார். சிங்கப்பூரின் சட்டமன்ற வரலாற்றில் அதைவிட நீண்ட பேச்சு இல்லை. குடியுரிமை என்னவாகும், மத்திய நாடாளுமன்றத்தில் நமக்கு எத்தனை இடம் என்ற கேள்விகள் அன்று சாமானியரின் வாழ்க்கையையே தொட்டவை. ஆளுங்கட்சிக்கு அந்தப் பேச்சு காலவிரயமாகத் தோன்றியது, எதிர்க்கட்சிக்கு அதுவே தர்மமாகத் தோன்றியது. டிசம்பர் 6ஆம் தேதி தீர்மானம் 33 வாக்குகளோடு நிறைவேறியது. எதிர்த்து ஒரு வாக்குகூட விழவில்லை, ஏனெனில் எதிர்த்திருக்க வேண்டியவர்கள் சபையிலேயே இல்லை.

மறு ஆண்டு ஜூலையில் ஹோ புவாய் சூ என்ற உறுப்பினரும் ஆளுங்கட்சியை விட்டு விலகவே, பெரும்பான்மை அறுந்து போனது. முன்பு ஓங் எங் குவானோடு வெளியேறியிருந்த அல்ஜுனிட் உறுப்பினர் எஸ்.வி. லிங்கம் திரும்பி வந்து சேர்ந்ததால் அது மறுபடி ஒட்டியது. நம்மவர் ஒருவரின் ஒற்றை வாக்கில் ஓர் அரசாங்கம் நின்ற காலம் இந்தத் தீவில் இருந்தது என்பதை இளைய தலைமுறையினர் அறிய வேண்டும்.

இதன் பிறகு நடந்ததைச் சொல்லும்போது எனக்கு மனவேதனை உண்டாகிறது. டாக்டர் லீ 1963இல் ரோச்சோர் தொகுதியில் 89 வாக்குகளில் தோற்றார்; என்றாலும் அவருடைய கட்சியினர் 13 பேர் வென்று வந்திருந்தார்கள். சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து தனி நாடாகி, அதன் நாடாளுமன்றம் 1965 டிசம்பர் 8ஆம் தேதி முதன்முதலாகக் கூடியபோது, பாரிசான் உறுப்பினர்கள் அதைப் பகிஷ்கரித்தார்கள். அந்த மாதத்திலேயே அரசியல் சட்டத்தைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்ற நிபந்தனை நீக்கப்பட்டு, சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்று ஆனது. அது மறுபடி மூன்றில் இரண்டு பங்காக உயர்ந்தது 1979இல்தான். பெரும்பான்மைக்கு எதிராகச் சிறுபான்மைக்கு உள்ள மிகப் பெரிய அரண் கழற்றப்பட்ட நேரத்தில், ஏழு மணி நேரம் பேசிய கட்சியின் நாற்காலிகளில் ஆளில்லை. எஞ்சியிருந்த அதன் உறுப்பினர்கள் 1966 அக்டோபரில் பதவியையே துறந்து, போராட்டத்தைத் தெருவுக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார்கள். 1968 தேர்தலில் 58 இடங்களும் ஆளுங்கட்சிக்கே போயின. அவற்றில் 51 போட்டியே இல்லாமல் போனவை.

பெரும்பான்மை தவறு செய்யக்கூடும் என்பதற்காகத்தான் சிறுபான்மை அங்கே அமர்ந்திருக்கிறது. தோற்பது உறுதியென்று தெரிந்த விவாதத்திலும் எழுந்து நின்று மறுப்பைப் பதிவு செய்வதே அதற்கு மக்கள் கொடுத்த கடமை. ஆகவே தம்மைப் பேச விடவில்லை என்று கோபித்துக்கொண்டு வெளியேறுகிறவர், தம்மை அனுப்பிய ஆயிரக்கணக்கானோரையும் சேர்த்து அழைத்துக்கொண்டு வெளியேறுகிறார் என்பதே என் அபிப்பிராயம். அதே சமயம், வெளிநடப்பு செய்தவர்களை மட்டும் குறை சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கட்சியைச் சேர்ந்த பலர் 1963 முதல் சிறையில் இருந்தார்கள் என்பதும் சரித்திரமே.

அதன்பின் 1981 அக்டோபர் 31ஆம் தேதி, அதே ஆன்சனில், யாழ்ப்பாணத் தமிழர் வழிவந்த ஜே.பி. ஜெயரத்தினம் பாட்டாளிக் கட்சியின் வேட்பாளராக 653 வாக்குகளில் வென்று, ஒருவராக உள்ளே போனார். அவர் கருத்துகளை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், அந்தத் தனி நாற்காலி நிறைந்ததும் சபையின் குரலே மாறியது என்பதை மறுக்க முடியாது. எதிர்க்கட்சிக் குரல் குறைந்தபட்சமாவது இருக்கட்டும் என்று 1984இல், தோற்ற எதிர்க்கட்சி வேட்பாளருக்கும் இடம் தரும் தொகுதியில்லா உறுப்பினர் முறை வந்தது. அந்தப் பதவியை ஏற்று முதன்முதலாகச் சபையில் அமர்ந்தவர் யார் தெரியுமா? 1988இல் மறுபடி உள்ளே வந்த அதே டாக்டர் லீ சியூ சோ! ஏழு மணி நேரம் பேசியவருக்கு இப்போது நேரம் அளவிடப்பட்டது. நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின்மீதோ, நிதி மசோதாவின்மீதோ, அரசியல் சட்டத் திருத்தத்தின்மீதோ வாக்களிக்கும் உரிமையும் அந்த நாற்காலிக்கு அன்று இல்லை. அந்தக் குறை 2017இல்தான் நீங்கியது. இருந்தும் அவர் வந்து உட்கார்ந்தார், பேசினார். அவருடைய ஏழு மணி நேரத்தைவிட அந்த வருகையே பெரிதென்று நான் நினைக்கிறேன்.

இன்று சாதாரண உறுப்பினருக்கு இருபது நிமிடம், அமைச்சருக்கு நாற்பது நிமிடம் என்பது விதி. ஆளுங்கட்சிக்கு 97இல் 87 இடங்கள் இருக்கின்றன; எண்ணிக்கையில் அது தோற்கப்போவதில்லை. அப்படிப்பட்ட சபையில் எதிர்த்துப் பேசும் இருபது நிமிடத்தின் பயன் முழுவதும் கேட்கிறவர்களைப் பொறுத்தது. நம் சபையில் மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய நான்கிலும் பேசலாம் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. பொதுமக்கள் அமர்ந்து கேட்க மாடமும் இருக்கிறது.

நேயர்களே, தேக்காவில் காய்கறி வாங்கிக்கொண்டு ரயிலேறினால் சில நிறுத்தங்களில் நாடாளுமன்றத்துக்குப் போய்ச் சேரலாம். சபை கூடும் நாளாகப் பார்த்து ஒரு முறை போய் உட்காருங்கள். உங்களுக்குப் பிடிக்காத கட்சிக்காரர் எழுந்து பேசும்போது, அந்த இருபது நிமிடத்தை இறுதிவரை இருந்து கேளுங்கள்.